ஒரே புல், மூன்று அறுப்பு: கொழுக்கட்டைப்புல் உலர்தீவனக் கட்டுகள் பற்றி ஓராண்டு மதிப்பீடு

காங்கயத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் 4 காங்கயம் பசுக்களும் 18 மேச்சேரிச் செம்மறிகளும் வைத்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால், வேலியடைத்த மேய்ச்சல் நிலமான எங்கள் கொறங்காட்டில் மேய்ச்சல் வற்றிவிடும். அங்கிருந்து அடுத்த மழை வரைக்கும் கால்நடைகள் காடியில் (தீனித்தொட்டியில்) போடும் உலர்தீவனத்தை நம்பித்தான் இருக்கின்றன. சோளத்தட்டும் வைக்கோலும் மட்டுமே போட்டுப் பழகிய நான், கடந்த ஓராண்டில் ஒரே உழவரிடமிருந்து மூன்று தவணையாகக் கொழுக்கட்டைப்புல்லை உலர்த்திக் கட்டிய கட்டுகளை வாங்கினேன். மூன்று தவணையும் ஒரே வயலில் விளைந்த ஒரே புல். விலையும் ஒன்றே, கிலோவுக்கு 12 ரூபாய். ஆனால் காடிக்கு வந்து சேர்ந்தவை மூன்று வெவ்வேறு தீவனங்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்பதால், உலர்புல் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும்படி விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுக்கட்டைப்புல் எங்கள் கொறங்காடுகளின் அடிப்படைப் பயிர். முள்கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களின் இடையில், நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் கலந்து தானாக முளைத்து நிற்கும் இந்தப் புல், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெறும் செம்மண் சரளை நிலத்திலும் வேர் பிடித்து ஆண்டுக்கணக்கில் வாழும். கோடையில் அடிக்கட்டை வரை காய்ந்து போனாலும் ஒரு மழை விழுந்தால் நான்கைந்து நாட்களில் பச்சை எட்டிப் பார்க்கும். இதை அறுத்துக் காயவைத்துச் சேமிக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் குறைவு. மாடு மேய்ந்தது போக மிச்சம் நின்று காயட்டும் என்று விட்டுவிடுவோம். நான் வாங்கிய உழவர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டை என்ற இரகத்தை 3 ஏக்கரில் விதைத்து, கிணற்றில் தண்ணீர் உள்ளவரை பாய்ச்சி, டிராக்டரில் பூட்டும் சிறிய கட்டுக்கட்டும் இயந்திரத்தால் சதுரக் கட்டுகளாகக் கட்டி விற்கிறார்.

உலர்புல்லாக்குவதற்கு இந்தப் புல் மிகவும் தோதானது. தண்டு மெல்லியது, இலையும் தண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் காய்கின்றன. இன்று வீட்டுக்கு வீடு நட்டிருக்கும் கோ 4, கோ 5 கம்பு நேப்பியரை இப்படிக் காயவைக்க முயன்றால் இலை சருகாகிப் பொடிந்த பிறகும் தண்டுக்குள் சாறு இருக்கும். அந்தப் புல்லைப் பச்சையாக நறுக்கிப் போட வேண்டும், அல்லது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல்லாக்க வேண்டும். காட்டில் தானாக வரும் ஊசிப்புல்லை எடுத்துக்கொண்டால், பூத்துவிட்ட பிறகு அதன் ஊசிகள் மாட்டின் வாயையும் ஆட்டின் தோலையும் குத்தும். கொழுக்கட்டைப்புல்லின் கதிரில் இருப்பவை மென்மையான மயிர்கள். முற்றினாலும் வாயைப் புண்ணாக்குவதில்லை. ஆகவே புல்லின் வகையைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அனைத்தும் அறுத்த காலத்தைச் சேர்ந்தவை.

முதல் தவணை, மார்கழி மூன்றாம் வாரத்தில் அறுத்தது. தை பிறந்து ஒரு வாரம் கழித்து 60 கட்டுகள் வந்தன. ஒரு கட்டு சராசரியாக 14 கிலோ இருந்தது. முதல் கட்டின் கயிற்றை அறுத்தபோது அது சீட்டுக்கட்டைப் பிரித்தாற்போல் தட்டுத் தட்டாகப் பிரிந்து விழுந்தது. உள்பக்கம் இளம்பச்சை; வெயில் பட்ட வெளிப்பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. நடுவில் கையை நுழைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. ஒரு பிடி எடுத்து முறுக்கினால் தண்டு நறுக்கென்று ஒடியவுமில்லை, ஈரமாக வளையவுமில்லை. இரண்டு முறுக்குக்குப் பின் நாராகப் பிரிந்தது. கதிர்கள் அங்கங்கே இருந்தன, ஆனால் அவற்றில் பாதி இன்னும் இலையுறைக்குள்ளிருந்து முழுதாக வெளிவராதவை. முகர்ந்தால் வெயிலில் காய்ந்த துளசியும் தேயிலையும் கலந்தாற்போன்ற இனிய வாடை. பசுக்கள் வாசலில் கட்டை இறக்கும்போதே கழுத்தை நீட்டின.

அந்தப் பாதி வெளிவந்த கதிர்தான் இந்தத் தவணையின் தரத்துக்குக் காரணம். புல் தழைத்து வளரும் நாட்களில் அதன் சத்து இலையில் இருக்கிறது. பூக்கத் தொடங்கியதும் தண்டு நீள்கிறது, தண்டைத் தாங்க மரத்தன்மை ஏறுகிறது, இலையின் பங்கு குறைகிறது. விதை பிடிக்கும்போது சேர்த்துவைத்த சத்தெல்லாம் விதைக்குப் போய்விடுகிறது. மிக இளசாக அறுத்தால் புரதம் கூடுதலாக இருக்கும், ஆனால் விளைச்சல் கொஞ்சமாக இருக்கும், ஈரமும் மிகுதியாக இருப்பதால் காய நாளாகும். கதிர் தலைகாட்டும் பருவமே இரண்டுக்கும் நடுவிலான சரியான இடம். மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய, தீவனத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு புரதமாவது இருக்க வேண்டும் என்பது கால்நடை அறிவியலில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அதற்குக் கீழே இறங்கினால் மாடு தீவனத்தைச் செரிக்க நாள் எடுத்துக்கொள்கிறது, வயிறு நிறைந்தே இருப்பதால் தின்பதையும் குறைத்துக்கொள்கிறது. சரியான பருவத்தில் அறுத்த கொழுக்கட்டைப்புல் இந்த எல்லையைத் தாண்டி நிற்கும். முற்றிய பிறகு அதே புல் எல்லைக்குக் கீழே போய்விடும்.

என் பசுக்களில் இந்த வேறுபாட்டைச் சாணத்திலேயே பார்த்தேன். முதல் தவணையைத் தின்ற நாட்களில் சாணம் இளகி, அடுக்காக விழுந்தது. நாளொன்றுக்கு ஒரு பசுவுக்கு 8 கிலோ போட்டால் மறுநாள் காலை காடியில் அரைக்கிலோதான் மிஞ்சியது, அதுவும் பெரும்பாலும் வேரோடு வந்த அடிக்கட்டை.

இரண்டாம் தவணை பங்குனியில் அறுத்தது. சித்திரையில் 40 கட்டுகள் வாங்கினேன். மார்கழி அறுப்புக்குப் பிறகு தழைத்த மறுதாம்பு அது. கிணற்றில் தண்ணீர் இறங்கியதால் பாய்ச்சல் குறைந்து, புல் முன்னதாகவே பூத்துவிட்டது. அந்த உழவர் விதையை உருவி எடுத்துவிட்டுப் பிறகு அறுத்திருக்கிறார். கொழுக்கட்டை விதைக்கு நல்ல கேட்பு இருப்பதால் அவர் செய்ததில் தவறில்லை. ஆனால் விதை எடுத்த புல் என்பது, நெல்லை அடித்துவிட்ட வைக்கோலுக்குச் சமம். அதை வாங்கும்போது எனக்குச் சொல்லவில்லை என்பதும், மார்கழிப் புல்லின் விலையையே அதற்கும் வைத்ததும்தான் குறை. நான் கேட்ட பிறகு மறைக்காமல் சொன்னார். கேட்காமல் விட்டது என் பங்கு.

கட்டைப் பிரித்தபோது நிறம் வைக்கோல் மஞ்சள். ஈரம் சற்றும் இல்லை, பூசணம் இல்லை, தூசி இல்லை. கெட்டுப்போனது என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் கைக்கு வந்ததில் பெரும்பகுதி தண்டு. இலைகள் காய்ந்து நொறுங்கி, கட்டு கட்டும்போதே வயலில் உதிர்ந்துவிட்டிருந்தன. பசுக்கள் முதல் இரண்டு நாட்கள் மேலாகப் புரட்டி இலையை மட்டும் பொறுக்கின. 8 கிலோ போட்டால் இரண்டரைக் கிலோ மிஞ்சியது. செம்மறிகள் அதைவிட அதிகமாக ஒதுக்கின. ஆட்டின் உதடு மெல்லியதாகையால் வேண்டியதைப் பொறுக்கி வேண்டாததை விட அதற்கு எளிது. கறவையில் இருந்த இரண்டு பசுக்களின் பாலும் அந்த மாதத்தில் குறைந்தது. சித்திரை வெயிலுக்கும் அதில் பங்குண்டு என்பதால் முழுப் பழியையும் புல்லின் மீது போட மாட்டேன். சாணம் மட்டும் கெட்டிப்பட்டுப் பிளவு பிளவாக விழுந்ததற்குப் புல்தான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விலையை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை இந்தத் தவணை எனக்குக் காட்டியது. முதல் தவணையில் 8 கிலோவுக்கு 96 ரூபாய் கொடுத்து ஏழரைக் கிலோ மாட்டின் வயிற்றுக்குப் போனது. தின்ற கிலோவுக்கு 12 ரூபாய் 80 காசு. இரண்டாம் தவணையில் அதே 96 ரூபாய்க்கு ஐந்தரைக் கிலோதான் போனது. தின்ற கிலோவுக்கு 17 ரூபாய் 45 காசு. இது எடையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. தின்ற ஐந்தரைக் கிலோவிலும் சத்து குறைவு என்பதால், ஈடுகட்டத் தினமும் கூடுதலாகப் புண்ணாக்கு வைக்க வேண்டியிருந்ததைச் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. நறுக்கும் இயந்திரத்தில் விட்டு ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டிப் போட்டபோது மிச்சம் ஒன்றேகால் கிலோவாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முற்றிய புல்லை வாங்கிவிட்டவர்கள் நறுக்கிப் போடுவது நல்லது. ஆனால் நறுக்குவதால் வீணாவது குறையுமே தவிர சத்து கூடாது.

மூன்றாம் தவணையைப் பற்றித்தான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் அறுக்கும்போது மூன்றிலும் அதுவே மிக நல்ல புல்லாக இருந்திருக்கும். புரட்டாசி மழைக்குத் தழைத்து, ஐப்பசி நடுவில் அறுத்தது. கார்த்திகைத் தொடக்கத்தில் 30 கட்டுகள் வந்தன. கட்டு ஒவ்வொன்றும் 16 கிலோ. முதல் தவணையைவிட 2 கிலோ கூடுதல் என்பதை அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். அதே இயந்திரம், அதே அளவுக் கட்டு, கூடுதலாக வந்தது தண்ணீர். அடுக்கிய மூன்றாம் நாள் அடுக்கின் இடுக்கில் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தது. ஐந்தாம் நாள் ஒரு கட்டைப் பிரித்தேன். வெளிப்புறம் இரண்டு விரற்கடை அழகான பச்சை. உள்ளே பழுப்பு. அதற்கும் உள்ளே, கயிறு இறுகிய இடத்தை ஒட்டி, சாம்பல் நிறப் பூசணம் வலை பின்னியிருந்தது. பிரித்தபோது புகைபோல எழுந்த தூசி தொண்டையைக் கமறவைத்தது. வாடை, நனைந்த சாக்கை மூலையில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தாற்போல் இருந்தது.

கைபேசியில் அழைத்தேன். "அறுத்த அன்னைக்கு மேகமே இல்லீங்க. மறுநா ராத்திரி பிடிச்ச மழை ரெண்டு நாளைக்கு விடலீங்க. அப்புறம் புரட்டிப் போட்டு ஒரு வெயில்ல கட்டிட்டோம்" என்றார். அந்த ஒரு வெயில் போதவில்லை. வெட்டிய புல்லில் 70 முதல் 80 விழுக்காடு வரை தண்ணீர் இருக்கும். கட்டிச் சேமிக்கும்போது அது 15 விழுக்காட்டுக்குள் வந்திருக்க வேண்டும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும், கட்டுக்குள் சூடு ஏறும். இன்னும் ஈரமாக அடுக்கிவிட்டால் புற்போர் தானே பற்றி எரிவதும் உண்டு. அறுத்த புல் உடனே செத்துவிடுவதில்லை. ஈரம் 40 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை மூச்சு விட்டுக்கொண்டு தன்னுள்ளிருக்கும் சர்க்கரையைத் தானே எரித்துக்கொள்கிறது. ஆகவே மழையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சத்து இரண்டு வழியில் போகிறது: புல் தானே தின்றுகொள்வது ஒன்று, மழைநீர் கழுவிச் செல்வது மற்றொன்று. எஞ்சுவது நார். பச்சை நிறம் வெளிப்புறத்தில் இருந்ததே என்று கேட்கலாம். நிறம் ஓர் அடையாளம்தான். வைட்டமின் ஏ உருவாகத் தேவையான சத்து எஞ்சியிருப்பதை அது காட்டும், உள்ளே காய்ந்ததா என்பதைக் காட்டாது.

30 கட்டுகளில் 19 கட்டுகளைக் குப்பைக்குழிக்கு அனுப்பினேன். பூசணம் பிடித்த தீவனம் சினைப்பசுக்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடும் என்பதாலும், அந்தத் தூசியை நாள்தோறும் சுவாசிப்பவரின் நுரையீரலுக்கும் கேடு என்பதாலும், மேலாக உதறிவிட்டுப் போடலாம் என்ற யோசனைக்கே இடம் கொடுக்கவில்லை. அவர் 15 கட்டுகளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தார். வண்டி வாடகை என்னுடையது. முழுத் தொகையும் வரவில்லை என்றாலும், மறுக்காமல், மறுநாளே நேரில் வந்து பார்த்துவிட்டுத் தந்தார் என்பதை அவருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலத்தில் நல்ல உலர்புல் செய்வது ஏன் கடினம் என்பது இந்த மூன்று தவணையையும் அருகருகே வைத்தபோது விளங்கியது. புல் நன்றாக இருக்கும் காலமும் காயவைக்க நல்ல காலமும் ஒன்றாக வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில்தான் இங்கே புல் தழைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது இளமையின் உச்சத்தில் இருக்கும்போது வானம் நம்பத்தக்கதாக இல்லை. தை, மாசியில் வானம் தெளிவாகிறது, அதற்குள் புல் முற்றத் தொடங்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, காலையில் அறுத்ததை மறுநாள் மாலைக்குள் காயவைத்துவிடும். ஆனால் அப்போது தண்ணீர் பாய்ச்ச வசதியுள்ளவரிடம் மட்டுமே அறுக்கப் புல் இருக்கும். மழை ஓய்ந்து, முற்றத் தொடங்குவதற்கு முன்னால், மார்கழி இரண்டாம் வாரத்திலிருந்து தை முதல் வாரம் வரை ஒரு சிறிய இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியிலும் பனி உண்டு. பனி உலர்ந்து ஒன்பது மணிக்கு மேல் அறுத்து, மாலையில் வரிசையாகக் கூட்டி, மறுநாள் பனி விட்டபின் மறுபடி பரப்பி என்று நான்கு நாட்கள் பார்த்தால்தான் முதல் தவணை போன்ற புல் கிடைக்கும். நான் வாங்கிய 60 கட்டுகள் அப்படித்தான் செய்யப்பட்டவை.

இன்னொன்றும் உண்டு. "இத்தனை நாளுக்கு ஒருமுறை அறுக்கவும்" என்று நாட்கணக்கில் சொல்லப்படும் பரிந்துரையை எல்லாப் பருவத்துக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளக் கூடாது. வெயில் ஏறஏற வெப்பமண்டலப் புற்கள் வேகமாக வளர்வதோடு வேகமாக மரத்தும் போகின்றன. மார்கழிக் குளிரில் 45 நாளில் இளசாக நிற்கும் புல், சித்திரையில் அதே 45 நாளில் கதிர் விட்டு நாராகிவிடும். ஆகவே நாட்களை எண்ணாமல் கதிரைப் பார்த்து அறுப்பவரிடம் வாங்குவது நல்லது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இதே ஆண்டில் நான் வாங்கிய மற்ற உலர்தீவனங்களையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியின் முதன்மைத் தீவனம் சோளத்தட்டு. புரட்டாசியில் மானாவாரியாக நெருக்கி விதைத்துத் தையில் அறுப்பது வழக்கம். நெருக்கமாக விதைத்தால் தட்டு மெலிந்து இலை மிகும். அகல விதைத்துத் தானியத்துக்காக வளர்த்தால் தட்டு விரல் பருமனாகி, மாடு நுனியைத் தின்றுவிட்டு அடியை விட்டுவிடும். பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்த தட்டும், தானியம் எடுத்த பிறகு அறுத்த தட்டும் சந்தையில் ஒரே பெயரில் விற்கின்றன. பின்னதில் புரதம் 4 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தட்டின் நடுவில் கீறிப் பார்த்தால் தெரியும்: சரியான பருவத்தில் அறுத்ததன் சோறு (தண்டின் உட்பகுதி) வெண்மையாக, நாவில் வைத்தால் சற்று இனிப்பாக இருக்கும், முற்றியது பஞ்சுபோல் சுவையற்று இருக்கும். இளம் சோளத்திலும், வாடிய மறுதாம்பிலும் உள்ள நஞ்சு பச்சையாகத் தின்னும் மாட்டைக் கொல்லும். நன்றாகக் காய்ந்த தட்டில் அந்த அச்சம் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆனால் யூரியாவை மிகுதியாகப் போட்டு வளர்த்த பயிரில் சேரும் நைட்ரேட் காயவைத்தாலும் போவதில்லை என்பதால், வறட்சியில் வாடிய பயிரை வாங்கும் முன் உரம் பற்றியும் கேட்பது நல்லது.

வைக்கோலில் எனக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. டெல்டாவிலிருந்து லாரியில் வரும் உருண்டைக் கட்டுகளில், தையில் அறுத்த சம்பா வைக்கோல் நன்றாகக் காய்ந்து வருகிறது; புரட்டாசி, ஐப்பசியில் அறுத்த குறுவை வைக்கோல் மழையில் நனைந்து வருவது வழக்கம். எதுவானாலும் அது தானியம் எடுத்த மிச்சம், 3 முதல் 4 விழுக்காடு புரதம், மணற்சத்து (சிலிக்கா) மிகுதி. வயிற்றை நிரப்பப் பயன்படும். கடலைக்கொடி அதைவிடப் பலமடங்கு மேல், ஆனால் மண் ஒட்டி வருகிறது. உதறாமல் போடக் கூடாது.

கோவைப் பக்கத்திலிருந்து 10 கட்டுக் குதிரைமசாலும் வாங்கிப் பார்த்தேன். புரதத்தில் கொழுக்கட்டைப்புல்லைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொண்ட தீவனம் இது. விதைத்து 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 21 முதல் 25 நாளுக்கு ஒருமுறை அறுப்பு என்பது வழக்கம். ஆனால் உலர்த்தும்போது இதைக் கையாளும் விதமே வேறு. சத்தெல்லாம் சிறிய இலைகளில் இருக்கிறது. அந்த இலை தண்டுக்கு முன்னதாகக் காய்ந்து, தொட்டால் உதிர்ந்துவிடும். நண்பகலில் புரட்டிய குதிரைமசாலில் மாட்டுக்குக் கிடைப்பது குச்சி. பனி ஈரம் இருக்கும் அதிகாலையில் புரட்டினால்தான் இலை நிற்கும். எனக்கு வந்த கட்டுகளில் இலை ஓரளவு நின்றிருந்தது, ஆனால் சாக்கின் அடியில் இரண்டு கைப்பிடி பச்சைப் பொடி சேர்ந்திருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் தவிட்டில் கலந்து ஈனவிருந்த ஆடுகளுக்கு வைத்தேன். விலை இருமடங்கு என்பதால் முழுத் தீவனமாக என்னால் வைக்க முடியாது.

மீண்டும் கொழுக்கட்டைப்புல்லுக்கு வருகிறேன். விற்பனை முறையைப் பொறுத்தவரை, கட்டுகள் சீராகவும் இறுக்கமாகவும் கட்டப்பட்டுள்ளன; கயிறு நைலான் என்பதால் அறுத்ததும் ஒவ்வொரு துண்டையும் எண்ணி எடுத்துவிட வேண்டும், மாடு விழுங்கினால் குடலில் சிக்கும். சணல் கயிற்றுக்கு மாறும்படி கேட்டிருக்கிறேன். சொன்ன நாளில் வண்டி வந்தது, எடையில் ஏமாற்று இல்லை. பெரிய குறை ஒன்றே: கட்டில் எந்த விவரமும் இல்லை. வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் வாங்கும் வெளிநாட்டுத் திமோத்திப் புல் பையில் முதல் அறுப்பா, இரண்டாம் அறுப்பா என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதல் அறுப்பில் தண்டும் கதிரும் மிகுதி, இரண்டாம் அறுப்பில் இலை மிகுதி, மூன்றாவது இன்னும் மென்மை, நார் குறைவு என்று வாங்குபவர் அறிந்து தேர்ந்தெடுக்க அது உதவுகிறது. குளிர்நாட்டுப் புல்லுக்கான அந்தக் கணக்கு நம் புல்லுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே எத்தனையாவது அறுப்பு என்பதைவிட எந்த மாதம், கதிர் எந்த நிலையில், அறுத்தபின் மழை பட்டதா என்ற மூன்றும்தான் தரத்தைச் சொல்கின்றன. ஒரு கட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டில் இந்த மூன்றையும் எழுதிச் செருகினால் விற்பவருக்கு எந்தச் செலவும் இல்லை. மார்கழிப் புல்லுக்கு 14 ரூபாயும் விதை எடுத்த புல்லுக்கு 7 ரூபாயும் என்று நேர்மையாக விலை வைக்கவும் அது வழிசெய்யும். நான் இரண்டு விலைகளையும் மனமுவந்து கொடுப்பேன். சினையில்லாத, கறக்காத மாட்டுக்கு முற்றிய புல்லே போதும். அதற்கு மார்கழிப் புல்லைப் போடுவதும் வீண்தான்.

ஈரத்தை வீட்டிலேயே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி புல்லை எடுத்துச் சிறிதாக நறுக்கி, நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு, காய்ந்த தூள் உப்பு ஒரு கரண்டி சேர்த்து மூடிச் சிறிது நேரம் குலுக்க வேண்டும். உப்பு உதிரியாகவே இருந்தால் சேமிக்கலாம். கட்டிபிடித்துப் புட்டியின் சுவரில் ஒட்டினால் அந்தக் கட்டு இன்னும் காயவில்லை. ஐப்பசிக் கட்டுகளில் மிஞ்சிய 11-ஐயும் இப்படிச் சோதித்து, மூன்றைப் பிரித்து வெயிலில் பரப்பிய பிறகே போரில் ஏற்றினேன்.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமானால் மார்கழி அறுப்புக்கு ஐந்துக்கு நாலரை, பங்குனி அறுப்புக்கு இரண்டு, ஐப்பசி அறுப்புக்கு ஒன்று. அரை மதிப்பெண் குறைத்தது நைலான் கயிற்றுக்காக. வரும் மார்கழிக்கு அதே உழவரிடம் 120 கட்டுகள் சொல்லிவைத்திருக்கிறேன். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து, கதிர் தலைகாட்டும் வாரத்தில் எனக்குச் சொல்ல வேண்டும், கட்டும் நாளன்று நான் புட்டியோடு வயலுக்கு வருவேன் என்று பேசியிருக்கிறேன். "வாங்கண்ணா, உப்பு நானே வெச்சிருக்கறனுங்க" என்றார்.